சைகோனில் திறந்திருக்கும் கோயில், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு

காரைக்குடியிலிருந்து வியட்நாமின் சைகோனுக்கு (இப்போது ஹோ சி மின் நகரம்) நான் தனியாகப் போய்வந்த கதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பாதுகாப்பா, சாப்பாடு எப்படி, மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா என்பவைதான் எல்லாரும் கேட்பது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் போனபோது திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருந்தது. விசாவை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் எடுத்துவிடலாம். பெண்கள் தனியாக நடக்கப் பயமில்லை. பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்பதால் கைப்பையையும் செல்போனையும் சாலைப் பக்கம் காட்டாமல் நடக்க வேண்டும். சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிறது. பௌத்தர்கள் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கவிச்சி தொடமாட்டார்கள். அன்று சாதாரணக் கடையில்கூடச் சைவம் இருக்கும். சாலையைக் கடக்கும்போது நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீராக நடந்தால் பைக்குகள் நம்மை விலகிப் போகும். மொழிக்குப் போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது. அது கைவிட்ட இடத்தில் கை ஜாடை.

சரி, இனி நான் சொல்ல நினைத்தது.

எங்கள் பாட்டையா சைகோனுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்த்துத் தொழில் கற்கும் பையனாகப் போனவர். பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்தார்கள். 1862-இல் அந்தப் பக்கம் அவர்களுடைய காலனியானது. அதன் பிறகு மீகாங் ஆற்றுப் படுகை முழுக்க நெல் விளைச்சல் பெருக, விவசாயிக்கும் வியாபாரிக்கும் கடன் தேவைப்பட்டது. நம் செட்டிநாட்டு ஆட்கள் அங்கே போய் வட்டிக்கடை வைத்தது அப்படித்தான். பெட்டியடியில் தொடங்கி, ஏஜெண்டுக்கு உதவியான அடுத்தாளாகி, கடையை நடத்தும் ஏஜெண்டாக உயர வேண்டும். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர். ஆண்கள் தனியாகக் கப்பலேறினார்கள், பெண்கள் வளவு வீட்டில் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் இருக்கும் தகரப்பெட்டியில் அவர் எழுதிய கடிதங்கள் உண்டு. முக்கால்வாசி வரவு செலவுதான். ஒன்றில் மட்டும், ‘குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டதா’ என்று கேட்டிருக்கிறார். பதில் எத்தனை வாரம் கழித்து அவர் கைக்குப் போயிருக்குமோ.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் வெளியூரில். பயணத்தைச் சொன்னதும் சொந்தக்காரர்கள், “ஒத்தையில எதுக்கு ஆச்சி போறீக? ஒரு குரூப்போட போகலாமுல்ல?” என்றார்கள். குரூப்போடு போயிருந்தால் நான் பார்த்த மனிதர்களில் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். கூட்டமாகப் போனால் நம் ஆட்களோடு பேசவே நேரம் சரியாக இருக்கும்.

தங்கியிருந்த சந்தின் முனையில் ஓர் அம்மா நடைபாதையில் காபி போடுவார். முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலி, மடக்கு மேசை, அவ்வளவுதான் கடை. கண்ணாடித் தம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுண்டிய பால் ஊற்றி, அதன்மேல் சின்ன அலுமினிய வடிகட்டியை உட்காரவைத்துக் கொதிநீர் விடுவார். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். பாதியில் தட்டினாலோ ஆட்டினாலோ அவருக்குப் பிடிக்காது. எல்லாம் இறங்கியபின் கலக்கி, ஐஸில் ஊற்றித் தருவார். பக்கத்திலேயே ஒரு தம்ளர் ஐஸ் போட்ட டீத் தண்ணீர், காசில்லாமல். முதல் நாளே செயலியில் பேசி என்னிடம் அவர் கேட்டது: “கணவர் எங்கே? ஏன் தனியாக வந்தீர்கள்?” எங்கள் ஊர்க் கேள்வி அங்கேயும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது! பாட்டையா கதையைச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவருடைய அண்ணன் 1975-இல் போர் முடிந்தபிறகு நாட்டை விட்டுப் படகில் போனவர், எங்கிருக்கிறார் என்றே தெரியாது என்று தட்டிக் காட்டினார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து நிழல் விழுகிற பக்கம் எனக்கென்று ஒரு முக்காலி கிடக்கும்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வியாபாரிகள் கட்டியது. உள்ளே போனால் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் வியட்நாம்காரர்கள். ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்துக் கும்பிடுகிறார்கள். அல்லி, மல்லிகைப் பூ, அரிசி, உப்பு என்று வாங்கி வைக்கிறார்கள். கும்பிட்டு முடித்தபின் கருவறையின் பின்பக்கம் போய், கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டிவைத்து முணுமுணுக்கிறார்கள். கல்லுக்குள் அம்மன் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நம்பிக்கை. அந்த உயரத்தில் மட்டும் சுவர் கறுத்து வழவழவென்று இருக்கிறது.

என் புடவையையும் பொட்டையும் பார்த்த ஒரு பாட்டியம்மா, எனக்கு முறை தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, கையைப் பிடித்துச் சுவர் வரைக்கும் கூட்டிப்போய் என் தலையை மெதுவாகச் சாய்த்துவிட்டார். கல் குளிர்ச்சியாக இருந்தது. ஊரில் கொப்புடையம்மனிடம்கூட இப்படி வாய்விட்டுப் பேசியதில்லை. அங்கே பேசினேன். பக்கத்தில் அவர் அவருடைய மொழியில் பேசிக்கொண்டிருந்தார்.

தண்டாயுதபாணி கோயில் நம் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள் கட்டியது. 68 மாடி பிடெக்ஸ்கோ கட்டடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே இருந்த பெரியவர் தமிழ் பேசினார். அப்பா ராமநாதபுரம் பக்கம், அம்மா வியட்நாம். இந்தியாவையே பார்த்ததில்லை. “எந்த ஊரும்மா?” என்றார். காரைக்குடி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். குன்றக்குடி மலையைப் போனில் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிகளைப் பார்த்தார். “செட்டியாருங்க எப்பவாச்சும் வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போயிருவாங்க. நாள் தவறாம வந்து வெளக்கேத்துறது இந்த ஊர்க்காரங்கதான்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார்.

கடைசி நாள் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனேன். ஞா ரோங் துறை என்று ஒன்று இருக்கிறது. 1860-களில் பிரெஞ்சுக் கப்பல் கம்பெனி கட்டிய கட்டடம். 1911-இல், பின்னாளில் வியட்நாம் விடுதலைத் தலைவரான ஹோ சி மின் கப்பல் வேலைக்காரராக நாட்டை விட்டுக் கிளம்பியது அங்கிருந்துதான். இப்போது அவர் நினைவு அருங்காட்சியகம். பாட்டையா எந்தக் கரையில் இறங்கினாரோ, இந்த ஆற்றின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். மீசை முளைக்காத வயது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது பெருமை வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. கடன் கொடுத்து வாங்குகிற தொழிலில் இருந்தவள் நான். 1930-களில் நெல் விலை விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஆட்கள் இதே தொழில் செய்த பர்மாவின் தென்பகுதியில் முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அந்தப் பத்தாண்டுக்குள் செட்டியார் கைக்கு வந்தது. யாரும் பறிக்கப் போனதல்ல, கடன் திரும்பாததால் வந்தது. ஆனாலும் நிலத்தை இழந்தவன் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்திருக்குமா? எங்கள் வீட்டுப் பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பின்னால் அந்த வீடுகளும் இருக்கின்றன. பெரியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வட்டிக்கடைகள் போய்விட்டன. 1975-க்குப் பிறகு நம் ஆட்களும் அநேகமாகக் கிளம்பிவிட்டார்கள். கோயில்கள் மட்டும் இருக்கின்றன. இருப்பதற்குக் காரணம் நாம் கட்டியது மட்டும்தான் என்று இனி என்னால் சொல்ல முடியாது. அந்தப் பாட்டியம்மாவைப் போல அங்கே தினமும் வருகிறவர்கள்தான் காரணம்.

செட்டிநாட்டில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இலிருந்து இருக்கிறோம். தெருவில் நடந்து பாருங்கள், எத்தனை முகப்பில் பூட்டுத் தொங்குகிறது. எங்கள் வீட்டையும் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் திறக்கிறோம். ஆத்தங்குடித் தளத்தைத் துடைக்க ஆளில்லை. பட்டாலைக் கூடத்தில் வௌவால் அடைகிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒருவர்கூட உள்ளே வந்து பார்த்ததில்லை, நாங்கள் விட்டதில்லை.

ஊர் திரும்பியதும் பங்காளிகளிடம் பேச்சை எடுத்தேன். முகப்பையும் பட்டாலையையும் சனி ஞாயிறு திறந்துவைத்து, ஊர்ப் பிள்ளைகள் வந்து படிக்கவும் பழைய கணக்குப் பேரேடுகளைப் பார்க்கவும் இடம் விடலாம் என்றேன். அண்ணன் ஒருவர், “பொருள் காணாமப் போனா யாரு பொறுப்பு?” என்றார். நியாயமான கேள்விதான், நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் கூரை ஓடுகளைச் சரிசெய்யாமல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்கிறார். அதுவும் சரி. தை மாதம் எல்லாரும் கூடும்போது முடிவாகும். இதே மாதிரி வீட்டைத் திறந்துவைத்தவர்கள் யாராவது இருந்தால், சாவியை யார் கையில் வைத்தீர்கள், செலவை எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லுங்கள். பங்காளிகள் முன்னால் வைக்க எனக்கு அது வேண்டும்.