மூல ஆபரேஷன் முடிந்து பல வருடம் ஆனவர்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள்?

ஆபரேஷன் முடிந்த முதல் வாரம் எப்படி வலித்தது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வருடங்கள் போன பிறகு எப்படி இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வதில்லை. அதனால் என் கதையை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

மோஷன் போகும்போதெல்லாம் கட்டி வெளியே வந்துவிடும், கையால் உள்ளே தள்ள வேண்டும். அந்த நிலையில்தான் ஆபரேஷனுக்குப் போனேன். எனக்குச் செய்தது பழைய முறை. கட்டியை வெட்டி எடுத்துவிட்டுப் புண்ணைத் தைக்காமல் தானாக ஆற விடுவார்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மோர்கனும் 1937இல் எழுதிய முறை அது. முதல் மோஷனை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

புண் ஆறிய பிறகு ஆசனவாய் சுருங்கி, மலம் மெல்லிய திரியாக வர ஆரம்பித்தது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். வெட்டிய இடங்களுக்கு நடுவே போதுமான தோல் மிஞ்சாவிட்டாலோ, தழும்பு இறுகினாலோ இப்படி ஆகுமாம். எனக்கு லேசாகத்தான் இருந்தது. டாக்டர் அதை விரித்துவிட்டதும், மலத்தை இளக்கும் நார்ப்பொடியான இசப்கோலை விடாமல் குடித்ததும் சரிசெய்துவிட்டன.

அப்புறம் இன்றுவரை இரத்தம் இல்லை, கட்டியும் வரவில்லை. ஓரத்தில் சின்னதாகத் தோல் தொங்குகிறது. கழுவும்போது கையில் படும், அவ்வளவுதான். பழைய நிலையோடு ஒப்பிட்டால் நான் இதை மறுபடியும் செய்துகொள்வேன்.

பதில் (ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் அம்மா):
அண்ணா, எனக்கு ஸ்டேப்லர். மூலத்தை வெட்டாமல், அதற்கு மேலே வலி தெரியாத உட்சவ்வில் ஒரு வளையத்தை எடுத்துத் தைக்கிற முறை. 1998இல் இத்தாலி டாக்டர் லோங்கோ சொன்னது. சீக்கிரமே பள்ளிக்கூடம் போய்விட்டேன். உங்கள் அளவுக்கு வலியும் இல்லை. ஆனால் சில வருடத்தில் கட்டி மறுபடி வெளியே வந்துவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு பிரிட்டனில் 777 பேரை வைத்துச் செய்த ஈதாஸ் என்ற ஆய்வு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆரம்பத்தில் வலி குறைவு ஸ்டேப்லரில்தான். இரண்டு வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் பழைய முறையில் செய்துகொண்டவர்கள்தான் நன்றாக இருந்திருக்கிறார்கள். ஸ்டேப்லர் செய்தவர்களுக்குத் திரும்ப வருவதும் அதிகம். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் வலியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். திரும்ப வருமா, வந்தால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். எனக்கு இரண்டாவது தடவை கட்டியின் அடியில் இறுக்கி அதை வாடி விழவைக்கும் ரப்பர் பேண்ட் போட்டார்கள். இப்போதைக்குப் பரவாயில்லை. நீங்கள் இசப்கோல் இன்னும் குடிக்கிறீர்களா அண்ணா?

பதில் (அப்பாவுக்காக எழுதுகிறேன்):
அப்பாவுக்கு வெட்டி எடுத்து வெகு காலம் ஆகிறது. வலி, கட்டி ஒன்றும் இல்லை. ஆனால் வாயு வந்தால் அடக்க முடிவதில்லை, சில நாள் உள்ளாடையில் லேசாகக் கசிவும் இருக்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமலே இருந்தார். அம்மா கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம். ஆசனவாய் தசையை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தும் பயிற்சி கொடுத்தார்கள். இப்போது நன்றாகவே குறைந்திருக்கிறது. யாருக்காவது இப்படி இருந்தால் மறைக்காதீர்கள். டாக்டருக்கு இது புதிதில்லை.

இன்னொன்று. போன வருடம் அவருக்கு மறுபடி இரத்தம் வந்தபோது வீட்டில் எல்லோரும் பைல்ஸ்தான் திரும்பிவிட்டது என்றார்கள். டாக்டர் ஒத்துக்கொள்ளாமல், குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி எடுக்கச் சொன்னார். பெருங்குடலில் ஒரு பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். அவர் வற்புறுத்தியதற்கு இன்றும் நன்றி சொல்கிறோம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக இரத்தம் வந்தால் வீட்டிலேயே முடிவு கட்டாமல் காட்டிவிடுங்கள்.

முதலில் எழுதியவர்:
தங்கை கேட்டதற்குப் பதில்: ஆமாம், இசப்கோல் இன்னும் குடிக்கிறேன், இரவு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. கழிவறைக்குப் போனை எடுத்துக்கொண்டு போவதில்லை. முக்குவதும் இல்லை, வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன். லேசர் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், என் மச்சானுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.