வேலையோடு எம்பிஏ: நுங்கம்பாக்கத்துக்கு ஓடுவதா, இக்னோ புத்தகத்தை வாங்குவதா?

சோழிங்கநல்லூர்வாசி:
வயசு 31. ஐடி கம்பெனியில டெஸ்டிங் லீட், எட்டு வருஷ சர்வீஸ். "இதுக்கு மேல போகணும்னா எம்பிஏ இருந்தா நல்லது"ன்னு மேனேஜர் ரெண்டு அப்ரைசல்லயும் சொல்லிட்டார். வேலையை விட முடியாது. வீட்டுக்கடன் ஓடுது, பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. மூணு வழி பாத்து வச்சிருக்கேன்: நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்துல இருக்கிற லிபா மேலாண்மைக் கல்லூரியோட மாலைநேரப் பிஜிடிஎம் (எம்பிஏ மாதிரியான முதுநிலை டிப்ளமா), பெங்களூர் ஐஐஎம்மோட வார இறுதிப் படிப்பு, இல்லேன்னா வீட்டிலிருந்தே படிக்கிற இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்பிஏ. எதுல சேரலாம்? வீட்டம்மா ஓட்டு இக்னோவுக்கு. காரணம் சொல்லவேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
வீட்டம்மா பேச்சைக் கேளுங்க சார். இக்னோவுல 4 செமஸ்டர். ரெண்டு வருஷத்துல முடிக்கலாம், முடியலேன்னா நாலு வருஷம் வரைக்கும் இழுக்கலாம். மொத்தச் செலவு ஒரு லட்சத்துக்குள்ள அடங்கிடும். அங்கீகாரம் உள்ள தொலைநிலை, ஆன்லைன் பட்டம் எல்லாம் நேரடிப் பட்டத்துக்குச் சமம்னு 2022 செப்டம்பர்லயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிச்சாச்சு. உங்க மேனேஜர் கேக்கறது படிவத்துல ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எதுக்கு லட்சக்கணக்குல கொட்டணும்?

ஏழுமணி ரயில்:
ஒரு வரிக்காகத்தான் படிக்கிறார்னா படிக்கவே வேண்டாமே. நான் மாலை வகுப்புல படிச்சு முடிச்சவ. முதல் நாள் எனக்கு இடப்பக்கம் துறைமுகத்துல சரக்குக் கையாளுற ஒருத்தர், வலப்பக்கம் வங்கியில கடன் பிரிவு அக்கா. வொர்க்கிங் கேப்பிட்டல்னா, அதான் அன்றாடம் தொழிலை ஓட்டக் கையில வேண்டிய பணம், என்னன்னு வாத்தியார் போர்டுல எழுதிப் போட்டது எனக்கு ஏறவே இல்லை. "கப்பல் நாலு நாள் லேட்டானா எங்க பார்ட்டி சம்பளம் போடத் திணறுவான்"னு டீ குடிக்கும்போது அவர் சொன்னப்ப ஏறுச்சு. இக்னோ புத்தகம் மோசமில்லை, நல்லாவே எழுதியிருப்பாங்க. ஆனா அது கூட வந்து டீ குடிக்காது. நானும் டெஸ்டிங்லதான் இருந்தேன். இப்ப ப்ரீ-சேல்ஸ், அதாவது விற்பனைக்கு முன்னாடி வாடிக்கையாளருக்குத் தீர்வை விளக்கிச் சொல்ற வேலை. அந்த வேலை காலியா இருக்குன்னு சொன்னதே கூடப் படிச்சவர்தான்.

கணக்குப்பிள்ளை:
நீங்க எங்கேருந்து வகுப்புக்குப் போனீங்க மேடம்?

ஏழுமணி ரயில்:
கோடம்பாக்கம். ஒரே ஸ்டேஷன்.

கணக்குப்பிள்ளை:
அதானே பாத்தேன்! இவர் சோழிங்கநல்லூர். ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலைக்குத் தோண்டி வச்சிருக்கிற லட்சணத்துல சாயங்காலம் நுங்கம்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்னு வைங்க. திரும்பி வர ஒரு மணி. வாரம் மூணு நாள்னா ஏழரை மணி. வருஷத்துல 40 வாரம்னு போட்டா 300 மணி நேரம், ரோட்டுல மட்டும். எட்டு மணி நேர வேலைநாளாக் கணக்குப் பண்ணினா முப்பத்தேழு நாள் சொச்சம். அந்தப் பாப்பா அப்பாவை ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பாக்கும். அவ்வளவு அலைஞ்சும் கையில வர்றது டிகிரி இல்லை, டிப்ளமா.

ஏழுமணி ரயில்:
டிப்ளமான்னு இளக்காரமாச் சொல்லாதீங்க. 2017 சட்டம் வந்து பட்டம் குடுக்கிற அதிகாரம் கிடைக்கிற வரைக்கும் ஐஐஎம்கள் எல்லாமே டிப்ளமாதான் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதை வச்சு யாரையும் வாசல்லயே நிறுத்தலையே. ஆனா அந்த 300 மணி... சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எனக்குக் குழந்தை பிறந்ததே படிப்பு முடிஞ்சப்புறம்தான்.

ஆளெடுப்பவன்:
நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உக்கார்றவன். யுஜிசி சமம்னு சொன்னது சட்டப்படி உண்மை. அரசு வேலை, மேல்படிப்புன்னா அது உதவும். தனியார்ல எந்த ரெஸ்யூமேவைக் கையில எடுக்கணும்னு யாரும் எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதே சமயம் எட்டு வருஷ அனுபவஸ்தர்கிட்ட நான் எம்பிஏ பத்தி ரெண்டே நிமிஷம்தான் கேப்பேன். மீதி நேரம் பூரா "படிச்சதை வேலையில எங்க போட்டுப் பாத்தீங்க?"தான்.

பெங்களூர் ஐஐஎம் படிப்பு ஆரம்பத்துல மென்பொருள் ஆட்களுக்குன்னே தொடங்கினது, பேரும் மதிப்பும் உண்டு. ஆனா அது பெங்களூர்லயே வேலை பாக்கிறவங்களுக்குச் சரி. போக 350 கிலோமீட்டர், வர 350. இங்கே ஒன்றரை வயசுக் குழந்தை. அந்த வழியை அடிச்சிடுங்க.

இன்னொண்ணு. "ஐஐஎம் சர்டிபிகேட், 11 மாசம், வீட்டிலிருந்தே"ன்னு தினம் போன் வரும். அது பட்டமும் இல்லை, எம்பிஏவும் இல்லை. ஆன்லைன் எம்பிஏன்னா முதல்ல யுஜிசி தொலைக்கல்விப் பட்டியல்ல அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கான்னு பாருங்க, அப்புறம் பணம் கட்டலாம்.

இரண்டாம் ஷிப்ட்:
யாரும் கேக்காத கேள்வி: பணம் யாரு கட்டறது? என் பழைய கம்பெனி பாதி ஃபீஸ் திருப்பித் தந்துச்சு. படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் இருக்கணும்னு பாலிசியில ஒரு வரி இருந்ததை நான் படிக்கலை. ஏழாவது மாசம் வேற ஆஃபர் வந்து கிளம்பினப்ப, வாங்கின அத்தனையும் ஃபைனல் செட்டில்மென்ட்ல பிடிச்சுட்டாங்க.

கணக்குப்பிள்ளை:
லோன் போட்டாலும் கவனம். வருமான வரியில கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரை உச்சவரம்பு இல்லாமக் கழிவு உண்டு. ஆனா அது பழைய வரி முறையில மட்டும்தான். இப்ப நாமளாச் சொல்லலேன்னா புது முறைதான் தானா விழும். அதுல இந்தச் சலுகை கிடையாது.

சோழிங்கநல்லூர்வாசி:
இன்னிக்கு எச்ஆர்கிட்ட நேராவே கேட்டுட்டேன். அடுத்த கிரேடுக்கு எம்பிஏ கட்டாயம்னு எந்தப் பாலிசியிலயும் இல்லையாம். மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். "நல்லதுன்னுதானேப்பா சொன்னேன், வேணும்னா சொன்னேன்?"ங்கறார்.

ஏழுமணி ரயில்:
அப்போ யாருக்காகப் படிக்கிறீங்கன்னு இப்பவாவது சொல்லுங்க. டெஸ்டிங்கை விட்டு வெளிய வரணுமா, வேண்டாமா?

சோழிங்கநல்லூர்வாசி:
வரணும் மேடம். எங்கன்னுதான் தெரியலை.

ஏழுமணி ரயில்:
இந்தச் சனிக்கிழமை நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் வாங்க. அந்தத் துறைமுகத்துக்காரரையும் வரச் சொல்றேன். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.

கணக்குப்பிள்ளை:
சனிக்கிழமைன்னா ஓஎம்ஆர்ல ஒரு மணி நேரம்தான் ஆகும்.