கொழும்பில ராடர் இருந்ததோ? (வெள்ளவத்தை லேன் குரூப்)

கவிதா: 1942 ஈஸ்டரண்டு ஜப்பான்காரர் கொழும்பில குண்டு போட்டது பற்றி ஒரு ஃபோர்வேர்ட் வந்தது. "கொழும்பில் ராடரே இல்லை, அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை" எண்டு. மகளின்ட ப்ரொஜெக்ட்டுக்குப் போடலாமோ?

நடராஜா அங்கிள்: போடாதேங்கோ, பிழை. ராடர் இருந்தது. ஏ.எம்.இ.எஸ். 254 எண்ட பிரிட்டிஷ் ராடர் நிலையம், றோயல் கொழும்பு கொல்ஃப் கிளப் தரையில. மார்ச் கடைசியிலதான் வேலை தொடங்கினது. குண்டு விழுந்தது ஏப்ரல் 5.

சிவா: "யாருக்கும் தெரியாது" எண்டதும் பிழை. கொக்கலையில இருந்து போன கட்டலீனா எண்ட ரோந்து விமானம், பேர்ச்சோல் ஓட்டினது, 4ஆம் திகதியே ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிப்போட்டுத்தான் சுடுபட்டு விழுந்தது. வருவாங்கள் எண்டு தெரியும். எத்தினை மணிக்கு, எந்தப் பக்கத்தால எண்டதுதான் தெரியேல்ல.

கவிதா: அப்ப ராடர் ஏன் பிடிக்கேல்ல?

நடராஜா அங்கிள்: அதில இண்டைக்கும் ஆய்வாளர்களுக்குள்ள இழுபறி. பார்த்த விளைவு இதுதான்: ரத்மலானையில நிண்ட 30ஆவது ஸ்குவாட்ரனுக்கு (சண்டை விமானப் பிரிவு) எதிரி தலைக்கு மேல வந்தபிறகுதான் விஷயம் தெரியும். ரேஸ்கோர்ஸ் ஓடுபாதை ஒண்டு இருக்கெண்டு ஜப்பான்காரருக்குத் தெரியாததால அங்க நிண்ட 258ஆவது ஸ்குவாட்ரனுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சது.

சிவா: அந்தக் காலத்து ராடரை இப்ப டீவியில காட்டுற வட்டத் திரை மாதிரி நினைக்கக் கூடாது. திரையில ஒரு நேர்க்கோடு. விமானம் இருந்தால் அதில ஒரு பல்லு மாதிரி முளைக்கும். கோட்டில பல்லு எவ்வளவு தள்ளி நிக்குதோ அதுதான் தூரம். ஒரு கிலோமீட்டருக்கு அலை போய்வர 6.67 மைக்ரோசெக்கன். திசைக்கு எதிரொலி கூடிக் குறையிற இடத்தைத் தேடிப் பிடிக்கவேணும். பக்கத்து மலை, கட்டடமும் பல்லு காட்டும். அதுகளை முதலே குறிச்சு வைக்காட்டி வாற விமானம் அதுக்குள்ள ஒளிஞ்சிடும். அதோட நிலையத்தை அளவு பார்க்க, தெரிஞ்ச தூரத்தில நம்மட விமானம் ஒண்டைப் பறக்கவிடவேணும். புது நிலையத்தில இடிக்கிறது அதுதான்.

நடராஜா அங்கிள்: கடற்கரை எண்டால் உப்பும் இருக்கு. இன்சுலேட்டரில படிஞ்சால் பொறி பறக்கும். துடைக்கிற ஆள் முக்கியம் 😄

ரமேஷ்: திருகோணமலையில பிடிச்சது தானே?

நடராஜா அங்கிள்: ஓம். ஏப்ரல் 9. எலிசபெத் பொயின்ட், ஏ.எம்.இ.எஸ். 272. காலமை 7:06, 91 மைலில். சீனக்குடாவில இருந்து 261ஆவது ஸ்குவாட்ரனின்ட ஹரிகேன் சண்டை விமானங்கள் எழும்பிட்டுது.

சிவா: 91 மைல் எண்டால் 146 கிலோமீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம் எண்டு வைச்சால் அரை மணித்தியாலத்துக்கு மேல. ஹரிகேன் மேல ஏறவே பத்து நிமிஷம் கிட்டப் போகும், மிச்சம் லாபம். கவிதாக்கா, மகளிட்ட இந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கோ, டீச்சர் பார்ப்பா.

ரமேஷ்: ஆனா அதே நாள் ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில தாண்டது...

நடராஜா அங்கிள்: அதில விமானமே ஏத்தியிருக்கேல்ல. ராடர் என்ன செய்யும்!

கவிதா: நன்றி அங்கிள். அப்ப படம் என்ன போட?

சிவா: நாலு பெட்டி, அம்புக்குறியோட: ராடர், டெலிபோன் லைன், மேசையில வரைபடம் உள்ள ஒப்பரேஷன்ஸ் அறை, ஓடுபாதை. டெலிபோனைத் தடிப்பாக் கீறச் சொல்லுங்கோ. ஒண்டு அறுந்தாலும் மற்ற மூண்டும் சும்மா.

நடராஜா அங்கிள்: சீனக்குடாப் படம் எடுக்கப் போறதெண்டு மட்டும் கிளம்பாதேங்கோ. அது இப்ப விமானப்படை முகாம், அனுமதி இல்லாமல் உள்ளுக்க விடமாட்டாங்கள்.