மருமகன் சொல்வதைக் கேட்பதா, என் கை சொல்வதைக் கேட்பதா?

கந்தப்பளை மாமா:
எனக்கு 58 வயது. கந்தப்பளைப் பக்கம் கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு என்று மாற்றிமாற்றிப் போடுகிறேன். தங்கச்சி மகன் விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு இப்போது என்னோடுதான் நிற்கிறான். கெட்டிக்காரப் பையன், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கிழங்கு போடப்போகிற துண்டில், மண்ணின் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் மூட்டையை இறக்கச் சொன்னதும், வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, "வேணாம் மாமா, மண்ணைப் பரிசோதிக்காமல் போட்டால் கிழங்கில் சொறி வரும்" என்கிறான். கோழி எருவும் ரி.எஸ்.பி. என்கிற பொஸ்பரஸ் பசளையும் இவ்வளவு தேவையில்லையாம். இந்த மண்ணை நான் பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கிண்டுகிறேன். 2021இல் இரசாயனப் பசளை கிடைக்காமல் ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, எந்தத் துண்டுக்கு எதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று எனக்கு எந்த டிப்ளோமாவும் சொல்லித் தரவில்லை. அதற்காக அவனிடம் எதையும் படிக்கமாட்டேன் என்று நிற்கிற ஆள் இல்லை நான். தம்புள்ளைச் சந்தை விலையைப் போனில் பார்த்து லொறியை இன்றைக்கு அனுப்பலாமா, நாளைக்கா என்று சொல்வதே அவன்தான். எதை அவனிடம் கேட்பது, எதில் என் கையை நம்புவது? அப்புறம், ஆட்களுக்கு முன்னால் மறித்துப் பேசுகிறானே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஹட்டன் டீச்சரம்மா:
அண்ணே, ஓய்வுபெற்ற டீச்சர் நான். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பவும் சூமில் வகுப்பு வைக்கவும் எனக்குக் காட்டித் தந்தது ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள்தான். அது எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். போன் என் தொழில் இல்லையே! அதே பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், நீங்கள் பின்னம் சொல்லித் தருகிற முறை குழப்புது, டியூஷனில் வேற மாதிரி சொன்னாங்க" என்றபோதுதான் சுருக்கென்றது. பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். போனைப் பற்றிச் சின்னவர்களிடம் தாராளமாகக் கேட்போம், "நான் எல்லாரிடமும் கற்றுக்கொள்கிறவள்" என்று பெருமையும் பேசுவோம், சொந்தத் தொழிலில் ஒரு வார்த்தை சொன்னால் முகம் மாறிவிடும். நீங்களும் விலை பார்க்க அவனை விடுகிறீர்கள், மண்ணைத் தொட விடமாட்டேன் என்கிறீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

போதனாசிரியர், பண்டாரவளை:
நான் விவசாயப் போதனாசிரியர், மண் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். உங்கள் மருமகன் சொல்வது சரி, ஆனால் பாதி. கிழங்கின் தோலைச் சொரசொரப்பாக்குகிற சொறி நோய்க்குப் புளிப்பு மண் பிடிக்காது. மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பீ.எச். (அது குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 5.2க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும், டொலமைட் போட்டு அதை உயர்த்தினால் தலையெடுக்கும். கோவாவின் வேர் கட்டிகட்டியாக வீங்குகிற நோய் இதற்கு நேர் எதிர். அது புளிப்பு மண்ணில்தான் ஆடும், பீ.எச். 7ஐத் தாண்டினால் குறையும். நீங்கள் ஒரே துண்டில் இரண்டையும் மாற்றிப் போடுகிறவர், அதனால் எந்த நோய் உங்கள் நிலத்தில் அதிகம் தொல்லை தந்தது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். அது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மண்ணின் பீ.எச். எவ்வளவு என்பது கையால் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான்.

பொஸ்பரஸ் விஷயத்தில் அவன் பக்கம் நிற்கிறேன். அது நைதரசன் போல மழையில் லேசாகக் கரைந்து போய்விடாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நுவரெலியாப் பக்க மரக்கறித் தோட்டங்களில் வருடக்கணக்காகப் போட்டது ஏகப்பட்டது தேங்கிக் கிடக்கிறது. பரிசோதித்துப் பாருங்கள், காசு மிஞ்சும். மண்ணை எங்கே கொடுப்பது என்று விவசாயத் திணைக்களத்தின் 1920க்குப் போன் அடித்துக் கேட்கலாம்.

லிந்துலை பழைய கை:
எல்லாரும் பையன் பக்கமே சாய்கிறீர்கள். நான் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவன், அதாவது செடியின் மேல்கிளைகளை வெட்டிவிடுகிற வேலை. புதிதாக வந்த சின்ன ஐயா (தோட்டத்தின் உதவி அதிகாரி) ஒருவர் வெட்டுமுன் வேரை நறுக்கி அயடீன் தடவிப் பார்ப்பார், நீலக்கறுப்பாக மாறினால் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம் என்று அர்த்தம். நல்ல வேலைதான், நானும் கேட்டுப் பழகிக்கொண்டேன். ஆனால் எந்தச் செடியின் வேரை நறுக்குவது? மேட்டில் தெம்பாக நிற்கிறதையா, கீழே கல்லுக்குள் வாடி நிற்கிறதையா? அதை நான்தான் காட்டினேன். அவரும் கேட்டார், அதனால் நானும் கேட்டேன். உங்கள் மருமகன் உங்களிடம் ஏதாவது கேட்கிறானா? அதைச் சொல்லுங்கள் முதலில். ஆட்களுக்கு முன்னால் மறிப்பது சரியே இல்லை, ராத்திரி வீட்டில் வைத்துச் சொல்லட்டும்.

நானும் ஒரு மருமகன்:
ஐயா, ராத்திரி வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் தெரியுமா? "சரி சரி, சாப்பிட்டுப் படு." காலையில் மூட்டை இறங்கிவிடும். மூட்டை இறங்கும்போது சொன்னால்தான் காதில் விழுகிறது, அதனால்தான் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிறோம். முருகன் தகப்பனுக்கே பாடம் சொன்ன கதையைக் கோயிலில் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வீட்டில் மட்டும் "நேற்றுப் பிறந்தவன்". மாமா, வேலைக்கு முதல் நாள் நீங்களே "நாளைக்கு இதைப் போடப்போகிறேன், என்னடா சொல்றே?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் சத்தமே இருக்காது. லிந்துலை ஐயா சொன்னதும் நியாயம்தான், நாங்களும் கேட்பது குறைவு.

கந்தப்பளை மாமா:
டீச்சரம்மா குத்துகிற இடத்தில்தான் குத்துகிறீர்கள். சரி, டொலமைட் இப்போதைக்குக் கொட்டிலிலேயே கிடக்கட்டும். கோவாவில் வேர் வீங்கியது வாய்க்கால் பக்கத்துத் துண்டில் மட்டும், மேல் துண்டில் ஒருபோதும் வந்ததில்லை. அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகத்தானே பார்க்க வேண்டும்? மண் எப்படி எடுப்பது?

போதனாசிரியர், பண்டாரவளை:
ஆமாம், தனித்தனியாக. இந்த வாய்க்கால் கணக்கை மருமகனுக்கும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ போதும். எருக் குவித்த இடத்தையும் வரப்போரத்தையும் விட்டுவிடுங்கள். பசளை போட்ட கையோடு எடுக்க வேண்டாம்.