மதியமானால் லைடாரும் கேமராவும் ஒத்துப்போவதில்லை – உதவி தேவை

வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் சோதனை வண்டியில் போன மாதத்திலிருந்து இந்தத் தலைவலி. காலையில் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) தரும் புள்ளிகளைக் கேமரா படத்தின்மேல் போட்டால் விளக்குக் கம்பத்தில் கச்சிதமாக உட்காருகின்றன. வெயிலில் நிறுத்திவைத்து மதியம் பார்த்தால் இடப்பக்கம் நகர்ந்து, பின்சுவரில் விழுகின்றன. சாயங்காலம் தானாகவே சரியாகிவிடுகிறது!

லைடார் வெலோடைன் விஎல்பி-16, 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 சுற்று). குளோபல் ஷட்டர் (முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும்) கேமரா, 6 மி.மீ. லென்ஸ். மென்பொருள் ராஸ் 2 (ரோபோக்களுக்கானது). இரண்டும் கூரையில் ஒரே அலுமினியச் சட்டத்தில். கேமராவின் பிடி மட்டும் 3டி பிரிண்ட் செய்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

போல்ட்டுகளை இறுக்கிப் பசை போட்டாயிற்று. பிடிபி நேர ஒத்திசைவும் (கருவிகளின் கடிகாரங்களை ஒன்றாக்குவது) பார்த்தாயிற்று. நிற்கிற வண்டியிலேயே நகர்வதால் அது காரணமாக இருக்காது. சதுரங்கக் கட்டப் பலகை வைத்து மதியம் மறுபடி அளவுதிருத்தம் (காலிபரேஷன்) செய்தால் பொருந்துகிறது, அப்புறம் மறுநாள் காலையில் எதிர்ப்பக்கம் தப்பு.

கிட்டத்துக் கம்பமும் தூரத்துக் கம்பமும் ஏறக்குறைய ஒரே பிக்சல் அளவு நகர்கின்றன. கேமரா பக்கவாட்டில் தள்ளிப்போயிருந்தால் கிட்டத்துக் கம்பம்தான் அதிகம் நகரும். அப்படி இல்லாததால் பிடி முறுக்கிக்கொண்டு கேமரா திரும்பியிருக்கலாம், அல்லது லென்ஸ் அசைந்து படத்தின் மையப்புள்ளி மாறியிருக்கலாம். மதியம் கேமராவை மட்டும் அளந்தால் மையப்புள்ளி ஒவ்வொரு தடவையும் வேறு எண் தருகிறது, நம்ப முடியவில்லை.

பிடியா, லென்ஸா என்று வண்டியிலிருந்து கழற்றாமலே பிரித்துச் சொல்ல என்ன சோதனை செய்யலாம்?