ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லுங்கள்

வணக்கம். கொட்டாஞ்சேனையில் தரம் 4 பிள்ளைகள் 38 பேருக்குக் கற்பிக்கிறேன். வாய்ப்பாடு என்றாலே கொட்டாவிதான். சென்ற வாரம் முட்டை மட்டையில் இரண்டு வரிசையை வெட்டி, பல்லாங்குழி போல 12 குழிகளிலும் நான்கு நான்கு புளியங்கொட்டைகள் போட வைத்தேன். மூன்று குழி பன்னிரண்டு, ஏழு குழி இருபத்தெட்டு என்று அவர்களே நான்காம் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்துவிட்டார்கள். (ஒருவன் மூக்கில் கொட்டையைச் செருகப் பார்த்தது தனிக்கதை.)

ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் இது சரிவரவில்லை, எண்ணியே களைத்துவிடுகிறார்கள். எழுந்து ஓடவும் இடமில்லை. தட்டிக்கு அப்பால் அடுத்த வகுப்பு. வாங்கில் இருந்தபடியே, சத்தமில்லாமல் விளையாடக்கூடியது ஏதாவது உங்கள் வகுப்பில் பலித்திருக்கிறதா? காசு செலவாகாததாக இருந்தால் நல்லது. திங்கட்கிழமைக்குள் சொன்னால் பேருதவி.