'கைப்போக்கு எழுத்துரு': ஒரு முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

வாழ்த்து அட்டைகளிலும் படக்கதைகளின் பேச்சுக் குமிழ்களிலும் நாம் காணும், யாரோ பேனாவால் விரைந்து எழுதியது போன்ற எழுத்துருக்களுக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற கேள்விக்கு இங்கே வந்துள்ள மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். 'கையெழுத்து எழுத்துரு' என்றால் பலருக்குக் கையொப்பமே நினைவுக்கு வரும். கையொப்பத்தின் சாயலில் அமைந்த எழுத்துருக்கள் தனி வகையாகவே இருப்பதால் குழப்பம் உறுதி. 'இயல்பு எழுத்துரு' என்பதைக் கணினிப் பயனர்கள், தாமாக எதையும் தேர்ந்தெடுக்காதபோது வரும் எழுத்துரு என்றே கொள்வார்கள்.

'கூட்டெழுத்துரு' என்பதற்கு ஆதரவு மிகுதியாக இருப்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஒன்றோடொன்று இணைவது இவ்வகையின் இலக்கணம் அன்று. 1942-இல் வெளிவந்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துருவிலும், ரோஜர் எக்ஸ்காஃபோன் தம் கையெழுத்தை ஒட்டி அமைத்து 1953-இல் வெளிவந்த மிஸ்ட்ராலிலும் எழுத்துகள் இணைகின்றன. வின்சென்ட் கானேர் 1994-இல் மைக்ரோசாஃப்டுக்காக வடிவமைத்த காமிக் சான்ஸில் அவை தனித்தனியே நிற்கின்றன. மேலும், தமிழைக் கையால் எழுதும்போது பெரும்பாலும் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதில்லை என்பதால், அந்தப் பெயர் நம் எழுத்துருக்களுக்கே பொருந்தாமல் போகும்.

இம்மூன்று எழுத்துருக்களுக்கும் பொதுவானது, கை தன் போக்கில் சென்றதுபோல் தோன்றும் தன்மைதான். 'கை போன போக்கில் எழுதினான்' என்று நாம் சொல்வதுண்டு. அதிலிருந்து 'கைப்போக்கு எழுத்துரு' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

இச்சொல்லால் இன்னொரு வசதியும் உண்டு: கைப்போக்கு என்பது தனித்து நின்று அந்தப் பண்பையும் குறிக்கும். 'பக்கம்' என்ற சொல்லில் ககரம் இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது; புள்ளியை நீக்கிப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்குமானால், இது எந்திரத்தின் வேலை என்று கண் உடனே கண்டுகொள்ளும். ஓபன்டைப் என்ற கோப்பு வடிவில் அமைந்த எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்றுருக்களை வரைந்து, அண்டை எழுத்துகளைப் பார்த்து அவை மாறிமாறி வருமாறு விதி எழுத முடியும். அவ்வாறு செய்யாத எழுத்துருவைப் பற்றி 'வடிவம் நன்று, கைப்போக்கு இல்லை' என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

'போக்கு' என்பது கவனமின்மையைச் சுட்டாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். ஓரளவு சுட்டும், அது தேவையும்கூட என்பது என் கருத்து. தலைப்பு, அழைப்பு, குறுங்குறிப்பு ஆகியவற்றில் நெருக்கத்தைத் தரும் அதே தளர்வு, நீண்ட உரைப்பகுதியில் கண்ணைக் களைப்படையச் செய்யும். எச்சரிக்கைப் பலகையில் செய்தியின் கடுமையையே குறைத்துவிடும். வடிவமைப்பாளர் பட்டியலிலிருந்து எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போதே பெயர் அதை உணர்த்துமானால் நல்லதுதான்.

அலங்கார அழைப்பிதழ்களுக்கு உரிய, நிதானமாகத் தீட்டிய வகையை இச்சொல்லுக்குள் அடக்க இயலாது. அதற்குத் 'திருந்துகை எழுத்துரு' பொருந்துமா என்று தெரிவியுங்கள்.